கணவாய் இறக்கத்தில் வெல்டா ஓஸ்பி

வெல்டா ஓஸ்பி சக்கர வீடுகளை இழுத்து வருகிறவர்கள் தங்கும் எங்கள் கேம்பர் பூங்காவுக்கு முதன்முதலாக வந்த கோடையில், அவளுக்குக் குரல் இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம். புருஷன் மெர்வின் பேசுவான், அவள் தலையாட்டுவாள். ரிவர்டன் பள்ளிக்கூடச் சமையலறையில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவள். அத்தனை பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுக் கேட்டு, தன் பங்குப் பேச்சும் அங்கேயே தீர்ந்துபோய்விட்டது என்று ஒருமுறை சொன்னாள். அந்தக் கோடை முழுவதும் அவள் என்னிடம் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

ஆனால் வியாழக்கிழமை தவறாமல் சில்லி வைப்பாள். பீன்ஸும் மாட்டிறைச்சியும் கொதிக்கிற அந்த வாசனையோடு பட்டை போட்ட சுருள் ரொட்டி வேகிற வாசனையும் சேர்ந்து வந்தால், மற்ற கேம்பர்க்காரர்கள் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அவள் வாசல் பக்கம் நடக்க ஆரம்பிப்பார்கள். யாரையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டாள்.

அப்படிப்பட்டவள் சில வருஷம் கழித்து ஒரு மே மாதம் வந்து இறங்கியபோது வாய் ஓயாமல் பேசினாள். லாரி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது. "அதோ ரோவீனா நிக்கறா. பச்சைத் தொப்பி போட்டிருக்கா. பாத்தியா மெர்வ், பச்சைத் தொப்பி? என்ன கலர் சொன்னேன்?"

"பச்சை," என்றான் மெர்வின், செத்துப்போன குரலில். கீழே இறங்கியதும் என்னிடம் வந்து, "ரேடியோன்னா அணைச்சிடலாம் ரோவீனா. இவளை எங்க திருகி அணைக்கறதுன்னுதான் தெரியல," என்றான். நான் சிரித்தேன். வெல்டா சிரிக்கவில்லை.

அந்த லாரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிரீன் ரிவர் பக்கத்துச் சோடா உப்புச் சுரங்கத்தில் பெரிய இயந்திரங்களைப் பழுதுபார்த்தவன் மெர்வின். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று, மூன்று அச்சு வைத்த நீளமான கேம்பர் ஒன்றை வாங்கினான். உள்ளே துணி துவைக்கும் இயந்திரம், கணப்பு, விருந்தாளி படுக்க ஓர் அறை எல்லாம் உண்டு. இதை இழுக்க ஒரு பெரிய பிக்கப் போதும் என்றுதான் விற்றவர்கள் சொன்னார்கள். மெர்வினுக்கு அதில் நம்பிக்கை இல்லை. இழுக்கிற வண்டியைவிட இழுபடுகிற வண்டி கனமாக இருந்தால் இறக்கத்தில் எது எதை ஓட்டும் என்று கேட்பான். நியாயமான கேள்விதான். அதனால் சரக்கு டிரெய்லர்களை இழுக்கும் பழைய லாரி ஒன்றின் தலையை வாங்கி, பின்னச்சு ஒன்றைக் கழற்றிவிட்டு, கருஞ்சிவப்பு வண்ணம் அடித்து, அதில் கேம்பரைப் பூட்டினான். காற்று பிரேக், என்ஜின் பிரேக், ஆள் உயரச் சக்கரம். பூங்காவுக்குள் அது நுழையும்போது என் அலுவலகக் கண்ணாடி அதிரும்.

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு கட்டிலும் சின்ன அடுப்பும் வைத்தான். காரணம் சமையல் அல்ல. கட்டிலும் அடுப்பும் இருந்தால் அந்த லாரியை லாரி என்று பதிய வேண்டியதில்லை. வீட்டு வண்டி என்று பதியலாம். கேம்பர்க்காரர்கள் பலரும் தபால் முகவரி மட்டும் வைத்துக்கொள்ளும் ஒரு மாநிலத்தில் அவனும் அப்படிப் பதிந்தான். வீட்டு வண்டிக்கு எடைச் சாவடியில் நிற்க வேண்டாம். தனி லைசென்ஸ் வேண்டாம். அதே லாரியில் நாலு மூட்டை உருளைக்கிழங்கு ஏற்றிக் கூலிக்கு ஓட்டினால், குறித்த காலத்துக்கு ஒருமுறை டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும். சொந்த வீட்டை இழுத்துக்கொண்டு போகிறவனிடம் யாரும் நாக்கைக் கூட நீட்டச் சொல்வதில்லை.

"வீட்டை ஓட்டறதுக்கு டாக்டர் கையெழுத்து எதுக்கு?" என்று மெர்வின் கணப்பருகே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

சுரங்கத்தில் இருந்த கடைசிக் காலத்தில் அவனிடம் கூலி லாரி ஓட்டும் லைசென்ஸ் இருந்ததும், அதைப் புதுப்பிக்கப் போன இடத்தில் ஒரு டாக்டர், பட்டறையில் ஒருநாள் ஏணியிலிருந்து ஏன் விழுந்தாய் என்று கேட்டதும், தலையைப் படம் எடுத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து என்று சொன்னதும், மெர்வின் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டதும் எனக்கு அப்போது தெரியாது. வெல்டாவுக்குத் தெரியும்.

அவள் ஏன் அப்படிப் பேசுகிறாள் என்பதை ஒரு மத்தியானம் துணி காயப்போடும் இடத்தில் வைத்துச் சொன்னாள்.

குளிர்காலத்தில் அரிசோனாப் பாலைவனத்தில் இருந்தபோது ஆரம்பித்திருக்கிறது. காப்பி ஊற்றிக்கொண்டிருந்தவன் கோப்பை நிறைந்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தான். கூப்பிட்டாள், கேட்கவில்லை. கண் திறந்திருந்தது. இடது கையின் இரண்டு விரல்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன, கடையில் துணியின் தரம் பார்ப்பதுபோல. கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் மேசையெல்லாம் காப்பி?" என்று அவளைக் கேட்டான். அடுத்த தடவை சாலையில். நேரான சாலை, எதிரே வண்டி இல்லை. லாரி மெதுவாக ஓரத்துக்கு ஒதுங்கி, கண்ணயர்கிறவர்களை எழுப்ப விளிம்பில் வெட்டி வைத்திருக்கும் பள்ளங்களில் சக்கரம் ஏறிக் கடகடவென்று அலறியது. அவள் அவன் தோளை உலுக்கினாள். "தூக்கம் வந்திடுச்சு," என்றான். அவன் தூங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அந்த விரல்களைப் பார்த்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் வாய் மூடுவதில்லை. வழிப்பலகைகளை எல்லாம் சத்தமாகப் படிப்பாள். வேலிக்குள் நிற்கும் மாடு என்ன நிறம், அந்தக் கிளைச் சாலை எந்த ஊருக்குப் போகிறது, மகள் ஜனெல் போன வாரம் போனில் என்ன சொன்னாள் என்று கேள்வி மேல் கேள்வி. பதில் வருகிறவரைக்கும் அவன் அங்கே இருக்கிறான். பதில் நின்றால் என்ன செய்வது என்பதைத்தான் அவள் இன்னும் யோசிக்கவில்லை.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயேன்," என்றேன்.

"போனா ஓட்டக்கூடாதுன்னுவார். அப்புறம் நாங்க எங்க இருக்கறது? அதான் எங்க வீடு, ரோவீனா. அதை நகத்தற ஆள் அவன் ஒருத்தன்."

ஜூன் மாதம் ஹைவே போலீஸ்காரர் காஸ்ட்னர் பூங்காவுக்கு வந்தார். எங்கள் பகுதியில் அவரை எல்லாருக்கும் தெரியும். கேம்பர்கள் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போவதால், கணவாய் வளைவுகளில் ஒன்றை ஒன்று உரசிக்கொள்கின்றன என்று புகார். அவர் டேப்பை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாக அளந்தார். மெர்வினுடையது லாரி முனையிலிருந்து கேம்பர் வால்வரைக்கும் விதித்த நீளத்துக்கு மேலே ஒரு சாண் இருந்தது. மெர்வின் போய், பின்னால் மாட்டியிருந்த சைக்கிள் தாங்கியைக் கழற்றிக் கீழே வைத்தான். "இப்ப அளந்து பாருப்பா," என்றான். சரியாக இருந்தது. காஸ்ட்னரும் சிரித்துவிட்டார்.

அவர் காரில் ஏறப்போகும் நேரத்தில் வெல்டா பின்னாலேயே போனாள். ஒரு தட்டில் சுருள் ரொட்டி எடுத்துக்கொண்டு போனது மெர்வின் கண்ணுக்காக. வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேட்பதுபோல ஆரம்பித்தாளாம்: ஒரு புருஷனுக்கு உடம்பு சரியில்லை, பெரிய லாரி ஓட்டுகிறான், சட்டம் என்ன சொல்கிறது என்று. காஸ்ட்னர் மெர்வினின் லாரிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, அந்த லாரி வீட்டு வண்டியாகப் பதிவானதா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அப்படியானால் தன்னால் போய் நிறுத்த முடியாது. தன் கண் முன்னால் ஏதாவது நடக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டு ஆள் யாராவது வாயைத் திறந்து பெயரோடு சொல்ல வேண்டும், சொன்னால் அவனைப் பரீட்சைக்கு அனுப்பலாம் என்றார்.

வெல்டா சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, அந்த லாரியை அவளே ஓட்டுவதற்கு என்ன வேண்டும் என்று கேட்டாள்.

"ஒண்ணும் வேணாம் மிஸஸ் ஓஸ்பி. உங்க பதிவு மாநிலத்துச் சட்டப்படி இப்ப உங்க பையில இருக்கற லைசென்ஸே போதும். சாவியைப் போட்டு இன்னிக்கே எடுத்துட்டுப் போகலாம்."

"நான் அதை முன்னாடி ஒரு அடி கூட நகத்தினதில்லையே."

"சட்டம் அதைக் கேக்கல," என்றார் காஸ்ட்னர். அதைச் சொல்லும்போது அவருக்கே முகம் நன்றாக இல்லை என்று வெல்டா சொன்னாள்.

கேட்காத பரீட்சையை அவளே தேடிப் போனாள். எங்கள் மாநிலத்தில், கனமான வண்டியைக் கூலிக்கில்லாமல் ஓட்டுகிறவர்களுக்கு என்று தனி லைசென்ஸ் உண்டு. எழுத்துத் தேர்வு, காற்று பிரேக் தேர்வு, பிறகு சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். என் பூங்கா முகவரியைக் கொடுத்து விண்ணப்பித்தாள். எங்களுக்கு எரிவாயு கொண்டுவரும் டாங்கர் லாரி ஓட்டுகிற ட்வைலா அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ட்வைலாவுக்கு வெல்டாவைவிடப் பதினைந்து வயது குறைவு. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை. ஆனால் வேலை சுத்தம். மெர்வின் ஆற்றில் தூண்டில் போடப் போகிற காலைகளில், கம்பெனியின் பழைய லாரி ஒன்றில் வெல்டாவை ஏற்றிக்கொண்டு தீவன ஆலைக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்துக்குப் போய்விடுவாள்.

ஒரு காலை நான் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். வெல்டா திண்டு ஒன்றை முதுகுக்கு வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். ட்வைலா லாரிப் படியில் தொற்றிக்கொண்டு நின்றாள்.

"அந்த சிவப்புக் குமிழ் தெரியுதா? அதை இழுத்தா டிரெய்லர் சக்கரம் மொத்தமும் இறுகிடும். நேர் ரோட்டுல நின்னுட்டு இழு. வளைவுல, ஓடற வண்டியில இழுத்தே, உன் வீடு உன்னையே முந்திட்டு வந்து கதவைத் தட்டும்."

"அப்ப ஓடும்போது என்ன பண்றது?"

"ஸ்டியரிங் பக்கத்துல இந்தக் கைப்பிடி. இதை மெதுவா, மாவு பிசையற மாதிரி. உனக்குத் தெரியாததா?"

ஆகஸ்ட் கடைசியில் வெல்டா தேறினாள். லைசென்ஸைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் மெர்வின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, யாரிடமெல்லாம் சொன்னாய் என்று கேட்டான். யாரிடமும் இல்லை என்றாள். அது முழு உண்மை அல்ல என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும். வழக்கம்போல இரண்டாவது தடவை சாப்பாடு கேட்டு அன்று அவன் தட்டை நீட்டவில்லை. எழுந்து போய் லாரியின் முன்மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒன்றும் பழுதில்லாத என்ஜினைப் பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். சமவெளியில் அவன் ஓட்டுவான். சாடில்ஹார்ன் கணவாயில் ஏறி உச்சிக்குப் போனதும், லாரிகள் பிரேக் சோதிக்க ஒதுங்கும் திடலில் நிறுத்தி, அவளிடம் கொடுத்துவிடுவான். இறக்கம் அவளுடையது.

எங்கள் பக்கத்தில் அந்த மலை மெதுவாகத்தான் ஏறும். அந்தப் பக்கம் மலை கையை விட்டுவிடும். மூன்றாவது வளைவில் வேலியோரம் நிற்கும் சிலுவைகளை நாங்கள் யாரும் எண்ணுவதில்லை. அக்டோபர் பிறந்துவிட்டால் எதையும் இழுத்துக்கொண்டு அந்தச் சாலையில் போகக்கூடாது; வாயிற்கம்பியை இறக்கிவிடுவார்கள். அப்புறம் தெற்கே சுற்றித்தான் போக வேண்டும், அதற்கு ஒரு நாள் கூடுதல். அந்த செப்டம்பரில் பனி முன்னதாகவே வரப்போகிறது என்று வானொலியில் சொன்னார்கள். சுற்றிப் போகலாமே என்று வெல்டா கேட்டாள். நானும் சொன்னேன்.

"சுத்திப் போறதுக்கா இத்தனை பெரிய லாரி வாங்கினேன்?" என்றான் மெர்வின்.

குளிர்காலத்துக்கு அரிசோனாவுக்குப் புறப்பட்ட காலையில் வானம் துத்தநாகத் தகடுபோல இருந்தது. காற்றே இல்லை. வெல்டா என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடாமல் இருந்தாள். அவள் ஏறி உட்கார்ந்ததும், வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே பேச ஆரம்பித்தது கேட்டது. அப்புறம் நடந்ததெல்லாம் அவள் சொல்லக் கேட்டதுதான். பல தடவை சொன்னாள். ஒரு தடவைகூட ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இல்லை.

ஏற்றம் முழுவதும் அவன் பதில் சொல்லிக்கொண்டே வந்தான். நல்ல மனநிலையில்கூட இருந்தான். ஜனெலின் சமையலைக் கேலி செய்தான். உச்சி நெருங்கியதும், "அதோ திடல் வருது மெர்வ். வலது பக்கம். ஒதுக்கு," என்றாள்.

லாரி ஒதுங்கவில்லை. திடல் அவள் ஜன்னலைக் கடந்து பின்னால் போனது.

பிடிவாதம் என்றுதான் நினைத்தாளாம். ஏற்பாடு செய்துகொண்டபோதே அவன் மனசுக்குள் மறுத்திருப்பான் என்று கோபம் வந்தது. "பேச்சு மாறிட்டியா?" என்றாள். பதில் இல்லை. செங்குத்தான இறக்கம், சிறிய கியரில் போகவும் என்ற மஞ்சள் பலகையைப் படித்தாள். பதில் இல்லை. அப்போதுதான் திரும்பி அவன் கையைப் பார்த்தாள். இடது கை ஸ்டியரிங்கில் இருந்தது. வலது கை மடியில் கிடந்தது. அந்த இரண்டு விரல்கள் உரசிக்கொண்டிருந்தன. இந்தத் தடவை வலது கையில்.

ஆக்ஸிலேட்டரிலிருந்து அவன் காலை எடுக்கவில்லை. மிதி மேலேயே இருந்தது. லாரி வேகம் பிடித்தது.

வெல்டா இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றாள். கூரையில் தலை இடித்தது. முதலில் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அவன் பிடி இறுக்கமாக இல்லை, பொம்மைக் கைபோல விட்டுக்கொடுத்தது. முதல் வளைவைப் பாதி எதிர்ப்பக்கம் போய்த்தான் திருப்ப முடிந்தது. எதிரே யாரும் வரவில்லை. பிறகு குனிந்து அவன் முழங்கால் பக்கத்துக் கால்சட்டைத் துணியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினாள். கால் மிதியைவிட்டு எழும்பியதும் என்ஜின் பிரேக் உறுமியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அழுகை வந்தது என்றாள். ஆனால் வேகம் ஏற்கெனவே எல்லை மீறியிருந்தது. கைப்பிடியை இழுத்தாள், மெதுவாக, விட்டு விட்டு. பின்னாலிருந்து புகை கண்ணாடியில் தெரிந்தது. ரப்பரும் இரும்பும் கருகுகிற நாற்றம் உள்ளே வந்தது. சிவப்புக் குமிழ் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதை இழுக்கவில்லை.

இரண்டாவது வளைவுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்காகச் சாலையின் வலது பக்கம் செங்குத்தாக ஒரு சரளைப் பாதை போட்டிருக்கிறார்கள். முழங்கால் ஆழத்துக்குக் கூழாங்கல். போகும்போதும் வரும்போதும் அவள் அதன் பலகையையும் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறாள். இப்போது அந்தப் பலகை வந்தது. மூன்றாவது வளைவை இந்த வேகத்தில் திருப்ப முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை வலது பக்கம் இழுத்தாள்.

கல் மழை பொழிந்ததாம். லாரி மூக்கு புதைந்து, பின்னால் வந்த வீடு ஒரு பக்கமாகத் திருகிச் சாய்ந்து, பக்கச்சுவர் பிளந்தது. தட்டுகள், போர்வைகள், கணப்பின் கண்ணாடி எல்லாம் சரளையில் சிதறின. வெல்டா முன்கண்ணாடியில் மோதி, தோள்பட்டை எலும்பு முறிந்து, இரண்டு இருக்கைக்கும் நடுவில் விழுந்து கிடந்தாள்.

எல்லாம் அடங்கின பிறகு மெர்வின் கண்ணைச் சிமிட்டினான். சுற்றிலும் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"எதுக்கு ஸ்டியரிங்கப் புடிச்சே?" என்றான்.

காஸ்ட்னர் போய்ச் சேர்ந்தபோது மெர்வின் சாலையோரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தான். உச்சியைத் தாண்டி நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான், பெண்டாட்டி பயந்துபோய்க் குறுக்கே விழுந்து வீட்டையே அழித்துவிட்டாள் என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அவ்வளவுதான் தெரியும். உச்சிக்கும் சரளைக்கும் நடுவில் அவனுக்கு ஒன்றுமே கிடையாது. பார்த்த சாட்சியும் யாரும் இல்லை.

காஸ்ட்னர் ஆம்புலன்ஸுக்குள் ஏறி வெல்டா பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்டார். கதவு திறந்திருந்தது. மெர்வின் கேட்கும் தூரத்தில்தான் நின்றான். வெல்டா அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவருக்கு நினைவு தப்பிடுது. இது முதல் தடவை இல்லை. என் பேரைப் போட்டே எழுதிக்கங்க. அவர் இனிமே ஓட்டக்கூடாது."

மெர்வின் கத்துவதை நிறுத்தினான். அந்த நிமிஷத்திலிருந்து அவளோடு பேசுவதையும் நிறுத்தினான்.

அந்தக் குளிர்காலத்தை அவர்கள் என் பூங்காவிலேயே கழித்தார்கள். கேம்பரைத் தகரமும் தார்ப்பாயும் வைத்து ஒட்டி, வைக்கோல் கட்டுகளைச் சுற்றி அடுக்கிக் கொடுத்தோம். ஜனெல் பொய்சி நகரத்திலிருந்து வந்து கூப்பிட்டாள். மெர்வின் போகமாட்டேன் என்றான். அவனைப் பரீட்சைக்கு அழைத்தார்கள், லைசென்ஸைப் பிடுங்கினார்கள், தலையைப் படம் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். டாக்டர் விளக்கிச் சொன்னதை எல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டானாம். மாத்திரையை வெல்டா தட்டுப் பக்கத்தில் வைப்பாள், விழுங்குவான். நன்றி இல்லை, திட்டும் இல்லை. என்னிடம் பேசினான், ட்வைலாவிடம் பேசினான், பூங்கா நாயிடம்கூடப் பேசினான். வெல்டா ஒரு வார்த்தைக்காக அந்தத் தகரப் பெட்டிக்குள் பனிக்காலம் முழுவதும் உட்கார்ந்திருந்தாள். அவளும் பழையபடி ஊமையாகிவிட்டாள். பேச வேண்டிய அவசியம்தான் இல்லையே.

ஒருநாள் சனவரியில் நான் அங்கே இருந்தபோது, மாத்திரையையும் மீறி அவனுக்கு அது வந்தது. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவன் கத்தியோடு நின்றுபோனான். நான் அதை அன்றுதான் நேரில் பார்த்தேன். பயங்கரமாக ஒன்றும் இல்லை, அதுதான் பயங்கரம். ஆள் அப்படியே இருக்கிறான், உள்ளே விளக்கு இல்லை. வெல்டா அவசரப்படாமல் கத்தியை வாங்கி வைத்துவிட்டு, அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் திரும்பி வந்ததும் என் முகத்தைப் பார்த்தான். வெல்டா முகத்தில் அவன் எதையும் நம்பமாட்டான். என் முகத்தில் இருந்ததை அவனால் மறுக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

வசந்தத்தில் லாரியை விற்கச் சொல்லி என்னிடம் சொன்னான். முன்பக்கத்தைத் தட்டிச் சரிசெய்திருந்தோம். என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாங்க வந்தவர்கள் கிழக்கேயிருந்து வந்த ஒரு தம்பதி. அவர் பல் டாக்டராக இருந்தவர், அவள் நூலகத்தில் வேலை பார்த்தவள். மேற்கே அவர்கள் வாங்கி வைத்திருந்த கேம்பர் மெர்வினுடையதைவிட நீளம். அவர் அதுவரை ஓட்டிய பெரிய வண்டி, வீடு மாற வாடகைக்கு எடுத்த வேன். வெல்டா அவரிடம் தீவன ஆலை மைதானத்தில் இரண்டு நாள் ஓட்டிப் பழகச் சொன்னாள். அவர் மரியாதையாகச் சிரித்து, விசாரித்துவிட்டேன், சட்டப்படி ஒன்றும் தேவையில்லையாம் என்றார்.

"சட்டப்படி தேவையில்லைதான்," என்றாள் வெல்டா. "கணவாய் வரைக்கும் நான் ஓட்டறேன். அந்தப் பக்கம் இறக்கி விட்டுட்டு இறங்கிக்கறேன். நீங்க உங்க கார்ல பின்னாடி வாங்க."

தோள்பட்டை எலும்பு கூடின இடம் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் ஏறினாள். இழுப்பதற்கு ஒன்றும் பூட்டாத வெறும் லாரிதான். அன்றைக்கு மெர்வின் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. சாயங்காலம் ட்வைலாவின் டாங்கரில் திரும்பி வந்து வெல்டா படியேறியபோது நான் வாசலில் நின்றிருந்தேன்.

"பிரேக் சூடாச்சா?" என்றான் உள்ளேயிருந்து.

வெல்டா படியிலேயே நின்றுவிட்டாள். "இல்லை," என்றாள்.

"மூணாவது வளைவுல?"

"இல்லை. ரெண்டாவது கியர்ல இறக்கினேன்."

"ம்," என்றான் மெர்வின். அவர்கள் மறுபடி பேச ஆரம்பித்தது அப்படித்தான். பழைய மாதிரி இல்லை. உப்பு எங்கே, கதவைச் சாத்து என்ற அளவில். அவன் அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் இருந்தான். ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டான். வெல்டா மகளோடு பொய்சிக்குப் போனாள்.

போன வருஷம் கடையில் ஒட்டியிருந்த விளம்பரங்களுக்கு நடுவில் ஒரு படத்தைப் பார்த்தேன். கருஞ்சிவப்பு லாரி. இடது மட்கார்டில் நாங்கள் தட்டின தழும்புகூடத் தெரிந்தது. பல் டாக்டர் அதை எப்போது, யாருக்குக் கைமாற்றினாரோ. படத்துக்கு அடியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது: எவ்வளவு பெரிய கேம்பரையும் இழுக்கும், தனி லைசென்ஸ் தேவையில்லை. வெல்டாவுக்குப் போன் செய்து சொன்னேன். நம்பரைச் சொல் என்றாள். சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் அவளே திரும்பக் கூப்பிட்டாள். லாரி முந்தின வாரமே போய்விட்டதாம். வாங்கினவர்கள் வயதானவர்கள், நல்ல மாதிரி என்று விற்றவன் சொன்னானாம்.

"எந்தப் பக்கம் போனாங்கன்னு கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன்," என்றாள் வெல்டா. "மலைப் பக்கம்னான்."